காத்தான் சத்திரத்துப் பந்தி

காளமேகத்தைத் தமிழ் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துவைத்திருக்கும் விதம்தான் சரியில்லை. பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவில் பொருள் வரும்படி கட்டியவர், ககர வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பாட்டை முடித்துக் காட்டியவர், கேட்ட மாத்திரத்தில் கொட்டிய ஆசுகவி. இந்த அளவில் அவர் ஒரு வித்தைக்காரர். பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர் வகுப்பு தூங்கும்போது எடுத்துவிடுகிற சரக்கு. 1940ல் எல்லிஸ் ஆர். டங்கன் அவரைப் பற்றிப் படம் எடுத்தபோது டி. என். ராஜரத்தினம் பிள்ளை காளமேகமாக வந்தார். நாயனத்தில் மேதையான ஒருவரைக் கவியாக நிறுத்தியதில் தற்செயலாக ஒரு நியாயம் இருந்தது: இரண்டு பேருக்கும் கலை வாய் வழியாக வந்தது.

நான் பார்க்கிற காளமேகம் வேறு ஆள். சாப்பாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொன்னவர். அதைக் கேட்பவன் சிரிக்கும்படி சொன்னவர். இரண்டையும் ஒருசேரச் செய்தவர்களைத் தமிழில் எண்ணத் தொடங்கினால் முதல் விரல் அவருக்கு. இரண்டாவது விரலை மடக்க வெகுகாலம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று விரிந்து கிடக்கும் பகுதியை வைத்து இதை யோசிப்பதற்குக் காரணம் உண்டு. ஆலைக் கான்டீன், ஒப்பந்தக்காரர் நடத்தும் விடுதி, ஷிப்டு முடிந்து நிற்கிறவர்களுக்கான தள்ளுவண்டி, மலிவு விலை உணவகம் என்று இங்கே மனிதர்கள் பெரும்பாலும் தாங்கள் தேர்ந்தெடுக்காத சாப்பாட்டையே சாப்பிடுகிறார்கள். அதைப் பற்றி எழுத்து அநேகமாக இல்லை. பத்திரிகைகளின் உணவுப் பக்கங்கள் மயிலாப்பூரைத் தாண்டினால் நேரே ஆம்பூருக்கோ செட்டிநாட்டுக்கோ போய்விடுகின்றன. நடுவில் பாடியில் இறங்குவதில்லை. தேர்ந்தெடுக்க முடியாதவன் தீர்ப்புச் சொல்லலாமா, சொன்னால் எந்த மொழியில் சொல்வது என்ற கேள்வியைத் தமிழில் முதலில் எதிர்கொண்ட கவிதை என்று ஒரு பழைய வெண்பாவைச் சொல்லத் தோன்றுகிறது. அதைப் பாடியதாகச் சொல்லப்படுகிறவர்தான் காளமேகம்.

'சொல்லப்படுகிறவர்' என்பதைக் கவனித்துத்தான் எழுதுகிறேன். அவர் வாழ்க்கை என்று நம் கையில் இருப்பது முழுக்கக் கதை. காலம் பதினைந்தாம் நூற்றாண்டு என்பது அவரைத் திருமலைராயன் என்ற சிற்றரசனோடு சேர்த்துச் சொல்வதிலிருந்து கிடைக்கிறது. 'திருவானைக்கா உலா' அவர் பெயரில் இருக்கிறது. மற்றபடி அவர் புகழ் முழுவதும் தனிப்பாடல்களில் தங்கியிருக்கிறது. அந்தத் தனிப்பாடல்களை வாய்மொழியிலிருந்தும் சுவடிகளிலிருந்தும் திரட்டி அச்சில் ஏற்றியதும், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒரு சம்பவத்தை ஒட்டவைத்ததும் பெருமளவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேலை. அஷ்டாவதானம் வீராசாமி செட்டியாரின் 'விநோதரச மஞ்சரி' போன்ற புத்தகங்கள் இந்தக் கதைகளை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆகவே காளமேகம் என்ற பெயரை ஒரு மனிதனின் பெயராக எடுத்துக்கொள்வதைவிட, பல தலைமுறைகள் தங்கள் வாய்த்துடுக்குக்குக் கீழே போட்டுக்கொண்ட கையெழுத்தாக எடுத்துக்கொள்வது பொருத்தம். இப்படிச் சொல்வதால் அவர் குறைந்துபோவதில்லை. அந்தத் தலைமுறைகள் தங்களுக்கு எப்படிப்பட்ட வாழ்க்கையைக் கொண்ட கவி தேவை என்று நினைத்தன என்பது கதையிலேயே தெரிகிறது.

அவர்கள் அவனை மடைப்பள்ளியில் பிறக்கவைத்தார்கள். வரதன் என்ற பெயருடைய வைணவப் பிராமணன், ஸ்ரீரங்கம் கோயில் மடைப்பள்ளியில் பரிசாரகன். திருவானைக்காவில் மோகனாங்கி என்ற தாசியிடம் மனசைக் கொடுத்துச் சைவனாகிறான். ஒரு இரவு அவளுக்காகக் காத்திருந்து கோயிலுக்குள்ளேயே தூங்கிப்போகிறான். அதே பிராகாரத்தில் ஒருவன் வித்தை வேண்டித் தவம் இருக்கிறான். அகிலாண்டேசுவரி வெற்றிலை மென்றபடி தவசியிடம் வந்து வாயைத் திறக்கச் சொல்கிறாள். எச்சிலை உமிழ வந்த பெண்ணென்று நினைத்து அவன் விரட்டிவிடுகிறான். தூங்கிக்கொண்டிருந்த பரிசாரகன் அரைத் தூக்கத்தில் வாயைத் திறக்கிறான். தாம்பூலம் விழுகிறது, கவி பிறக்கிறது.

பக்திக் கதையாக இது சாதாரணம். கவிதைக் கொள்கையாகப் பார்த்தால் வியப்பானது. ஞானப்பால் குடித்த சம்பந்தர் நமக்கு ஏற்கெனவே உண்டு. ஆனால் அது பால், சுத்தமான வஸ்து. இங்கே கிடைப்பது எச்சில். ஆசாரம் பார்த்தவனுக்கு அது கிடைக்கவில்லை. பிறருக்குச் சமைத்துப் போட்டுப் பழகிய, எச்சிலைக் கண்டு அருவருக்காத ஒரு சமையல் ஆளுக்குக் கிடைத்தது. கவிதை காதில் விழுந்து வருவதல்ல, நாக்கில் விழுந்து வருவது என்று இதைச் சொன்ன அநாமதேயக் கதைசொல்லி நினைத்திருக்கிறான். சாப்பாட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டான்: சமைத்தவன், பசித்தவன், வாயைத் திறக்கத் தயங்காதவன்.

இனிச் சத்திரம். நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவனுடைய சத்திரத்துக்குக் கவி பசியோடு போகிறார். சோறு வருகிற வழியாக இல்லை. வெகுநேரம் கழித்து இலையில் விழுகிறது. அப்போது பாடியதாகச் சொல்லப்படும் நான்கு அடி வெண்பா எல்லாருக்கும் மனப்பாடம். இங்கே எடுத்து எழுத வேண்டியதில்லை. சாரம் இது: பொழுது சாய்கிற நேரத்துக்கு அங்கே அரிசி வந்து இறங்கும், அதைக் குத்தி எடுத்து அடுப்பில் ஏற்றுவதற்குள் தெருவில் நடமாட்டம் நின்றுவிடும், ஒரு கரண்டிச் சோற்றை இலையில் காண்பதற்குள் கிழக்கே விடிவெள்ளி வந்துவிடும்.

இந்த வெண்பாவில் என்னை முதலில் நிறுத்துவது அதில் இல்லாத ஒன்று. ருசியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. உப்பு, புளி, காரம் எதுவும் இல்லை. சோறு குழைந்ததா விறைத்ததா என்று தெரியாது. குழம்பு இருந்ததா என்பதே தெரியாது. இருப்பது காலம் மட்டும்: சாயங்காலம், நள்ளிரவு, விடியற்காலம். வானத்தில் சூரியன் இறங்கி வெள்ளி ஏறுகிற அந்தப் பெரிய அசைவுக்குக் கீழே, ஒரு சமையற்கட்டு மெதுவாக, மிக மெதுவாக இயங்குகிறது. பசித்தவனுக்குக் கடிகாரம் வேண்டாம்; ஆகாயமே போதும். மிகைப்படுத்தல்தான்; ஆனால் அளவு தவறாத மிகை. மூன்று படிகளும் ஒழுங்காக ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. கடைசியில் அத்தனை காத்திருப்புக்கும் எதிரே ஒரே ஒரு அகப்பை. நகைச்சுவை பிறக்கும் இடம் அந்த ஒருமை. வானம் முழுவதையும் சுழலவைத்துவிட்டு அதன் பலனாக ஒரு கரண்டியைக் காட்டுகிறார்.

இரண்டாவதாக, அவர் சமையற்காரனைத் திட்டவில்லை. பந்தி விசாரிக்கிறவனையும் திட்டவில்லை. பிழை எங்கே தொடங்குகிறது என்று துல்லியமாகக் காட்டுகிறார்: அரிசி வந்த நேரம். அதுவும் சமைக்கத் தயாராக வரவில்லை; இனிமேல்தான் குத்த வேண்டும். அதாவது அடுப்படியில் தவறு இல்லை, கொள்முதலில் தவறு. பணத்தைப் பிடித்துவைத்திருக்கிறவனிடம் தவறு. வெளியிலிருந்து வந்து உட்கார்ந்து சாப்பிட்டுப் போகிற எவனுக்கும் இது தெரியாது. அவன் பரிமாறுகிறவன்மேல்தான் பாய்வான். மடைப்பள்ளியில் வேலை செய்தவனுக்குத்தான் ஒரு இலை தாமதமாவதற்கு எத்தனை கை பின்னால் இருக்கிறது என்று தெரியும். காளமேகம் நிஜமாகவே பரிசாரகராக இருந்தாரோ என்னவோ, இந்த வெண்பாவைச் செய்தவன் ஒரு பெரிய சமையற்கட்டை உள்ளே நின்று பார்த்தவன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கதை இத்தோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிற்கவில்லை. பாட்டைக் கேட்டுக் காத்தான் பதறி மன்னிப்புக் கேட்கிறான். கவி மனமிரங்கி, அதே சொற்களுக்கு வேறு பொருள் உண்டென்று விளக்குகிறார். உலகத்தில் அரிசி அற்றுப்போகும் பஞ்சத்திலும் இந்தச் சத்திரத்துக்கு அரிசி வரும். அதை உலையில் போட்டதும் ஊராருடைய பசி அடங்கும். இலையில் விழும் அன்னத்தின் வெண்மையைக் கண்டு வெள்ளி நாணி எழுந்து போகும். வசை வாழ்த்தாகிவிட்டது. பண்டிதர்கள் உச்சிகுளிர்ந்து போகும் கட்டம் இதுதான். வசையையே துதியாக மாற்றுகிற சாமர்த்தியம் வேறு எந்த மொழியில் உண்டு என்று கேட்பார்கள்.

இந்த இரண்டாம் பொருள் கவிதைக்குள்ளிருந்து வரவில்லை, சமூகத்திலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். படித்துப் பார்த்தாலே தெரியும். முதல் பொருளில் ஒவ்வொரு சொல்லும் தன் எடையோடு நிற்கிறது. அரிசி அரிசியாக, இரவு இரவாக இருக்கிறது. இரண்டாம் பொருளில் சொற்கள் முறுக்கப்படுகின்றன. ஊர் அடங்குவதைப் பசி அடங்குவதாக்க, இல்லாத ஒரு பசியைக் கொண்டுவந்து செருக வேண்டியிருக்கிறது. வெள்ளி வெட்கப்படுவது பழைய அலங்கார நூல்களின் தூசி. முதல் பொருளைச் சொன்னவன் பசித்தவன்; இரண்டாவதைச் சொன்னவன் சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டவன். தர்மம் செய்கிறவனைக் குறை சொன்ன ஒரு வெண்பாவை அப்படியே விட்டுவைக்க நம் மரபுக்கு மனம் வரவில்லை. அன்னதானத்துக்கு ஆட்சேபம் தெரிவித்தவன் அதை வாபஸ் வாங்கியாக வேண்டும். சிலேடை இங்கே ஒரு அணி மட்டுமல்ல, ஜாமீன்.

நம்முடைய பெரிய உணவுக் காப்பியத்தை நினைத்துப் பாருங்கள். மணிமேகலையின் அமுதசுரபியிலிருந்து வந்த சோற்றைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்வதில்லை, சொல்ல இடமில்லை. அங்கே பசிக்கு வயிறு உண்டு, நாக்கு கிடையாது. கொடுக்கிறவளின் கருணைதான் விஷயம். அந்தக் கருணையின் பெருமையை நான் மறுக்கவில்லை. வாங்குகிறவனும் ஒரு ஆள், அவனுக்கும் அபிப்பிராயம் உண்டு என்பது தமிழ்க் கவிதைக்குள் நுழைய சத்திரத்து வெண்பா வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

இந்த மனோபாவத்துக்கு நவீன இலக்கியத்தில் ஒரு பதில் இருக்கிறது. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' 1943ல் வந்தது. ஹோட்டலுக்குக் கடவுளைக் காப்பி சாப்பிட அழைத்துப்போகிறார் பிள்ளை. கடவுள் குடித்துப் பரவசமாகி அதைத் தம் லீலையாகவே நினைத்துக்கொள்கிறார். அது ஹோட்டல்காரனுடைய கைவரிசை, சிக்கரி சேர்த்திருக்கிறான் என்று பிள்ளை திருத்துகிறார். பண்டித மரபு காளமேகத்துக்குச் செய்ததை அப்படியே தலைகீழாக்கிய இடம் இது. கடவுள் இரண்டாம் பொருளைச் சொல்கிறார். கந்தசாமிப் பிள்ளை அவரை முதல் பொருளுக்கு இழுத்துவருகிறார். நான் தேடிய இரண்டாவது விரல் இங்கே மடங்குகிறது. வித்தியாசம், பிள்ளை குடிப்பது காசு கொடுத்து வாங்குகிற காப்பி. அவருக்குப் பேச உரிமை உண்டென்று கல்லாவில் இருப்பவனும் ஒப்புக்கொள்வான்.

காளமேகத்தின் மற்ற சாப்பாட்டுப் பாட்டுகள் எல்லாம் இந்த உயரத்தில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நீர்மோர் பற்றிய பாட்டு சத்திரத்துப் பாட்டைவிடப் பிரபலம். வானத்தில் இருந்தபோது ஒரு பெயர், தரையில் விழுந்ததும் ஒரு பெயர், மோர் விற்கிறவளின் கைக்கு வந்தபோது மூன்றாவது பெயர் என்று தண்ணீரைப் பார்த்துப் பேசுவது. அமைப்பு கச்சிதம், கலப்படத்தைப் பற்றி இவ்வளவு நயமாக யாரும் சொன்னதில்லை. ஆனால் அதில் ஆபத்து எதுவும் இல்லை. மோர்க்காரி ஏழை, பிடிக்காவிட்டால் அடுத்தவளிடம் வாங்கலாம். கீழே இருப்பவளைப் பார்த்துச் சிரிப்பது சுலபம், அவளால் பதிலுக்குப் பாட முடியாது. சத்திரக்காரனைப் பார்த்துச் சிரிப்பது வேறு காரியம்.

மளிகைச் சாமான்களை அடுக்கிய இன்னொரு பாட்டு இருக்கிறது. வெங்காயம், வெந்தயம், சீரகம், பெருங்காயம் என்று செட்டியாரிடம் பேசுவது. உடம்பின் நிலையாமை உள்ளே இருக்கும் பொருள் என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தப் பாட்டில் வெங்காயம் உரிக்கப்படுவதில்லை, யார் கண்ணும் கலங்குவதில்லை. பெருங்காயத்துக்கு மணம் கிடையாது. பொருள்கள் வெறும் ஒலிகளாகி, அந்த ஒலிகள் தத்துவமாகிவிடுகின்றன. சிலேடையின் அடிப்படைக் கோளாறே இது: சொல் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்ப்பதில் வஸ்து காணாமல் போய்விடுகிறது. சத்திரத்து வெண்பாவில் வஸ்து காணாமல் போகவில்லை என்பதால்தான் அதைக் கவிதை என்கிறேன், மற்றதைக் கெட்டிக்காரத்தனம் என்கிறேன்.

குடந்தைப் பந்தியில் பாடியதாக ஒரு வசை உண்டு. பக்கத்தில் உட்கார்ந்தவனின் முன்குடுமி அவிழ்ந்து தொல்லை கொடுத்ததற்காக அவனைக் கோட்டான், நாய், குரங்கு என்று அடுக்கி, நடுவில் ஒரு சாதிப் பெயரையும் வசைச் சொல்லாக எறிகிறார். இதை வாய்விட்டுச் சிரித்து ரசிக்கிற சபைகள் இன்றும் இருக்கின்றன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு சொல் பந்தியைப் பற்றி ஓர் உண்மையைத் தன்னையறியாமல் சொல்லிவிடுகிறது. பழைய சத்திரங்கள் பலவற்றில் எல்லாருக்கும் இலை கிடையாது. காத்தான் சத்திரத்தில் விடியும்வரை காத்திருந்தவருக்குக் காத்திருக்கவாவது திண்ணை இருந்தது. அவர் வசைச் சொல்லாகப் பயன்படுத்திய பெயருக்கு உரியவர்கள் திண்ணையில்கூட ஏறியிருக்க முடியாது. அவர்களுடைய வெண்பா நம் திரட்டுகளில் இல்லை.

உணவு விமர்சனம் என்று உலகம் இன்று அழைப்பது உணவு விடுதி பிறந்த பிறகு பிறந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் பாரிசில் விடுதிகள் பெருகின. கிரிமோ த லா ரெய்னியேர் 1803ல் தம் உணவுப் பஞ்சாங்கத்தின் முதல் தொகுதியை வெளியிட்டார். கேலிக்காரர், தம் வீட்டு விருந்தையே சாவுச் சடங்கு மாதிரி நடத்தி ஊரைத் திடுக்கிடவைத்தவர். கடைக்காரர்கள் அனுப்பிய பண்டங்களை ஒரு குழுவாக உட்கார்ந்து ருசித்துத் தீர்ப்பு எழுதினார்கள். இலவசமாகத் தின்று எழுதிய தீர்ப்பு நேர்மையானதா என்ற சந்தேகமும் அப்போதே எழுந்துவிட்டது.

இந்தியாவில் இந்த இரட்டைத் தொழிலுக்கு நல்ல உதாரணம் பம்பாயின் பெஹ்ராம் கான்ட்ராக்டர். 'பிஸிபீ' என்ற பெயரில் 1966ல் தொடங்கிய அவருடைய 'ரவுண்ட் அண்ட் அபவுட்' பத்தி, பத்திரிகைகள் மாறியும் 2001ல் அவர் இறக்கும்வரை தொடர்ந்தது. அதில் ஒரு கற்பனை மனைவி, இரண்டு பிள்ளைகள், பால்ஷாய் என்று ஒரு நாய். மறுபக்கம் அதே ஆள் ஊரின் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுதினார். நட்சத்திர ஹோட்டலையும் தெருக்கடையையும் ஒரே குரலில் பேசியது அவருடைய பெருந்தன்மை. சத்தம் போடாத நகைச்சுவை. ஒரு நகரத்தைச் சாயங்காலப் பத்திரிகைக்குள் வாழவைத்தார். தமிழில் அப்படி ஒருவர் வரவில்லையே என்ற ஏக்கம் நியாயமானது. கல்கியிலிருந்து தேவன் வரை நம்மிடம் நகைச்சுவை எழுத்து குறைவில்லை. ஆனால் சாப்பாடு அங்கே பெரும்பாலும் சம்பந்தி சண்டைக்கு ஒரு சாக்கு. அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்கும். அப்பளம் எப்படி இருந்தது என்று தெரியாது.

ஆனால் பிஸிபீ மாதிரி ஒருவர் நமக்குக் கிடைத்திருந்தாலும், நான் பேசுகிற சாப்பாட்டுக்கு அவர் போதமாட்டார். கிரிமோவானாலும் பிஸிபீயானாலும் பிடிக்காத கடையிலிருந்து எழுந்து போகலாம். அடுத்த வாரம் வேறு கடை. அவர்களுடைய விமர்சனத்தின் நாகரிகமே அந்தச் சுதந்திரத்திலிருந்து வருகிறது. சத்திரத்தில் உட்கார்ந்தவனுக்கு அடுத்த கடை கிடையாது.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களில் எழுந்தது. 1955ல் காங்கிரஸ் கூடி சோஷலிச மாதிரிச் சமுதாயம் வேண்டுமென்று தீர்மானம் போட்ட ஆவடியில், பத்தாண்டுக்குள் டாங்கி செய்யும் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. ஆலைகளோடு கான்டீன்கள் வந்தன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 46ஆவது பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கான்டீன் வைக்கச் சொல்ல அரசுகளுக்கு அதிகாரம் கொடுத்தது. அதே பிரிவு கான்டீன் நிர்வாகக் குழுவில் தொழிலாளிகளுக்கும் இடம் வேண்டும் என்றது. வறண்ட சட்ட வாசகம்தான். ஆனால் காத்தான் சத்திரத்தில் இல்லாத ஒன்று அதில் இருந்தது: சாப்பிடுகிறவனுடைய அபிப்பிராயம் மன்னிக்கப்பட வேண்டிய குற்றமல்ல, நிர்வாகத்தின் ஒரு பகுதி.

குழுவுக்கு வெளியேதான் உண்மையான விமர்சனம் நடந்தது. கான்டீன் சாம்பாரைப் பற்றி, அதில் பருப்பு லீவில் போயிருப்பதைப் பற்றி, ரசத்துக்கும் சாம்பாருக்கும் வாளிதான் வித்தியாசம் என்பதைப் பற்றி, இட்லியை மிஷின் ஷாப்புக்கு அனுப்பலாம் என்பதைப் பற்றி மேஜைக்கு மேஜை ஓடுகிற பேச்சில் நீர்மோர்ப் பாட்டின் வம்சம் இருக்கிறது. யார் முதலில் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் ஒருவன் தலையில் கட்டுவார்கள், எல்லாச் செக்‌ஷனிலும் அப்படி ஒருவன் இருப்பான். காளமேகம் என்ற பெயர் உண்டான விதமும் இதுதான் என்று நினைக்கிறேன். வித்தியாசம், அந்தப் பேச்சை ஏட்டில் ஏற்ற ஒரு கவிராயரும் இந்தப் பக்கம் வரவில்லை.

2011ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2013ல் மாநகராட்சி அம்மா உணவகங்களைத் திறந்தபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. பல பேருடைய பசியை அது ஆற்றியது என்பதில் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் இட்லி கல்லாக இருக்கிறது என்று வரிசையில் ஒருவன் சொன்னால் பின்னால் இருக்கிறவனே கேட்பான்: ஒரு ரூபாய்க்கு இன்னும் என்ன வேண்டும்? சத்துணவைப் பற்றியும் இதே தொனியைக் கேட்டிருக்கிறோம். இரண்டாம் பொருள் சொல்லச் சொல்கிற குரல் இது; அது காத்தானிடமிருந்து வருவதில்லை, பந்தியில் இருக்கிற சக பசிக்காரனிடமிருந்தே வருகிறது.

பிறகு சத்திரம் ஆலைக்கு வெளியே நகர்ந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், சுங்குவார்சத்திரத்தில், ஐபோன்களைக் கோக்கும் ஃபாக்ஸ்கான் ஆலை. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் தூர மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். அவர்கள் தங்கியது ஆலையில் அல்ல, ஒப்பந்த விடுதிகளில். அவற்றில் ஒன்று பூந்தமல்லி அருகே. 2021 டிசம்பரில் அந்த விடுதிச் சாப்பாட்டால் இருநூறுக்கு மேற்பட்ட பெண்கள் நோயில் விழுந்தார்கள். 159 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனதாகச் செய்தி வந்தது. சமையற்கட்டில் எலிகள், சரியில்லாத சாக்கடை என்று பிறகு சோதித்தவர்கள் கண்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. அது உண்மையல்ல என்று அதிகாரிகள் சொன்னார்கள். டிசம்பர் 17 இரவிலிருந்து அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள்.

இதை உணவு விமர்சனம் என்று சொல்வது விளையாட்டுக்காக அல்ல. காளமேகத்தின் வெண்பாவில் நான் கண்ட இரண்டு குணங்களும் இங்கே இருக்கின்றன. ருசியைப் பற்றிப் பேச்சில்லை. சமையற்காரி மேல் பாய்ச்சல் இல்லை. பெண்கள் விடுதி அடுக்களைக்கு முன்னால் உட்காரவில்லை, சரக்கு லாரிகள் போகிற சாலையில் உட்கார்ந்தார்கள். அரிசி எங்கே தாமதமாகிறது என்று அறிந்தவன் கொள்முதலைச் சுட்டினானே, அதே அறிவு. மூன்றாவது குணமான சிரிப்பு இல்லை. 159 பேர் படுத்திருக்கும்போது சிரிப்பு இருக்க முடியாது என்பது சுலபமான விளக்கம். எனக்கு அது போதவில்லை. ஒரே அறையில் பாய் விரித்துப் பத்துப் பதினைந்து பேர் படுத்த பெண்கள் அந்தச் சாப்பாட்டைப் பற்றித் தங்களுக்குள் சிரிக்காமல் இருந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. அந்தக் குழம்புகளுக்கு அவர்கள் பெயர் வைத்திருப்பார்கள். அந்தப் பெயர்கள் எந்தச் செய்தியிலும் வரவில்லை. செய்தியாளர்களுக்குக் கண்ணீர் வேண்டியிருந்தது, எண்ணிக்கை வேண்டியிருந்தது. விடுதியில் இரவு பத்து மணிக்கு ஒருத்தி தட்டைப் பார்த்துச் சொன்ன ஒரு வாக்கியம் வேண்டியிருக்கவில்லை. தமிழ்க் கவிதை, சிறுகதை எழுதுகிற நமக்கும் அதைக் கேட்டுவரத் தோன்றவில்லை.

கம்பெனி வருத்தம் தெரிவித்தது, வசதிகளைச் சீர்செய்வதாகச் சொன்னது. ஆப்பிள் அந்த ஆலையைச் சோதனைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12ல் ஆலை திறந்து, பெண்கள் படிப்படியாக வேலைக்குத் திரும்பினார்கள். காத்தான் மன்னிப்புக் கேட்டதும் நடந்ததாகக் கதை சொல்கிற அடுத்த கட்டம் இங்கே நடக்கவில்லை. தாங்கள் சொன்னதற்கு வேறு பொருள் உண்டென்று அவர்களில் யாரும் விளக்கம் சொன்னதாக நான் படிக்கவில்லை.